நாஸ் பெட்டி திடீரென்று காணாமல் போனால்: ரீசெட் பட்டனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் நாஸ் பெட்டி (ரவுட்டரோடு இணைத்து, வீட்டிலுள்ள எல்லோரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் சேமிப்புப் பெட்டி) வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சினாலஜி, கியூநாப் என்று கடையில் வாங்கியதோ, பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் போட்டு ஓட்டுவதோ, எதுவானாலும் சரி. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் ஸ்கேன், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்று வரும். உடனே தேடுவோம், ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: ஃபயர்வாலை அணை, எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸில் நெட்வொர்க் ஃபோல்டரைத் திறக்கும் பழைய முறை) ஆன் பண்ணு, ரவுட்டரை ரீசெட் பண்ணு. இந்த மூன்றையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். எனக்கு ஒரு வார இறுதி முழுக்க இதில் போனது, உங்களுக்கும் போக வேண்டாம். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சரி செய்வது பெரும்பாலும் பத்து நிமிஷ வேலைதான். தெரியாமல் கண்ட இடத்தில் கை வைத்தால்தான் நாள்கணக்கில் இழுக்கும்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுங்கள். அதில்தான் ரவுட்டருக்குள் நுழையும் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். நாஸ் பெட்டியின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு, அதில் சீரியல் நம்பரும் மேக் முகவரியும் (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) இருக்கும், அதையும் எடுங்கள். பெட்டி வாங்கிய பில், டிஸ்க் வாங்கிய பில், இரண்டும் தனித்தனியாக வேண்டும். டிஸ்க்குக்கு வாரண்டி வேறு, பெட்டிக்கு வேறு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகையாக இருந்தால் (பிஎஸ்என்எல் ஃபைபரும் உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் இணைப்புகள் பலவும் இப்படித்தான்) ரவுட்டருக்குள் ஒரு யூசர்நேம், பாஸ்வேர்ட், சில இடங்களில் விலான் எண்ணும் போட்டிருப்பார்கள். ரவுட்டரை ரீசெட் செய்தால் அவ்வளவும் அழிந்துவிடும். நாஸ் வராதது போதாதென்று வீட்டில் நெட்டே இருக்காது, லைன்மேன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், அதுவும் சனிக்கிழமை என்றால் திங்கள்வரை. அதனால் அந்த விவரத்தை முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். செலவில்லாத வேலை.

2. விளக்கும் கேபிளும்

இது சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். நாஸின் பின்னால் கேபிள் செருகியிருக்கும் இடத்தில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். ஒன்றுகூட எரியவில்லையென்றால் செட்டிங் எதையும் பார்க்க வேண்டாம், பிரச்சினை கேபிளிலோ போர்ட்டிலோதான். ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், அப்புறம் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். கேட் 6 கேபிள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் எல்லாம் சுமார் 100 முதல் 250 ரூபாய்க்குள் கிடைக்கும். கடையில் கையால் கிளிப் அடித்துத் தருவதைவிடத் தயாராக வரும் கேபிளையே வாங்குங்கள். கையால் அடித்ததில் எட்டில் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் விட்டால் வேலை செய்வதுபோலவே இருக்கும், ஆனால் ஆமை வேகத்தில். ஏன் என்று 9-ல் சொல்கிறேன்.

பெட்டியை அணைத்துப் போட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். கடையில் வாங்கிய பெட்டி என்றால் பவர் பட்டனைப் பீப் சத்தம் வரும்வரை அழுத்தி, அது தானாக அணையும்வரை பொறுங்கள். மறுபடி முழுதாக ஏறி வர ஐந்து நிமிஷம், சில சமயம் பத்து நிமிஷம்கூட ஆகும். அதற்குள் 'வரவில்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

3. முகவரி மாறியிருக்கிறதா

நம் ஊரில் பாதிப் புகார் இங்கேயே முடிந்துவிடும். கரண்ட் போய் வருகிறது. ரவுட்டரும் நாஸும் வெவ்வேறு நேரத்தில் ஏறி வருகின்றன. நேற்று 192.168.1.5 என்ற ஐபி முகவரியில் இருந்த நாஸுக்கு இன்று ரவுட்டர் 192.168.1.9 என்று கொடுத்துவிடுகிறது. உங்கள் லேப்டாப் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

புது முகவரியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ரவுட்டருக்குள் நுழைந்து 'இணைந்திருக்கும் சாதனங்கள்' பட்டியலைப் பார்ப்பது. ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோஃபைபர் என்றால் 192.168.29.1. பட்டியலில் பெயர் புரியாவிட்டால் முதலில் படம் எடுத்து வைத்த மேக் முகவரியை வைத்துத் தேடுங்கள். சினாலஜிக்கும் கியூநாப்புக்கும் வீட்டுக்குள்ளேயே பெட்டியைத் தேடிக் காட்டும் சொந்த ஆப்கள் இருக்கின்றன, அதையும் பயன்படுத்தலாம்.

கிடைத்த முகவரி 169.254 என்று தொடங்கினால், நாஸுக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, அதுவாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டர் முழுதாக ஏறிய பிறகு நாஸை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முகவரி கிடைத்ததும் அதை நிலையாக்கிவிடுங்கள். இரண்டு வழி உண்டு. நாஸின் செட்டிங்கிலேயே நிலையான முகவரி போடலாம், அல்லது ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் இந்த மேக் முகவரிக்கு இந்த ஐபிதான் என்று எழுதி வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம், நாளைக்கே நெட் கம்பெனியை மாற்றினால் புது ரவுட்டர் 192.168.29 என்று வேறு வரிசையில் ஓடும், நாஸ் மட்டும் 192.168.1-லேயே பிடிவாதமாக நிற்கும், யாராலும் அதைப் பார்க்க முடியாது. ஏற்கெனவே அப்படி மாட்டிக்கொண்டவர்கள் லேப்டாப்பையும் நாஸையும் ஒரே கேபிளில் நேராக இணைத்து, லேப்டாப்பின் ஐபியைத் தற்காலிகமாக 192.168.1.20 என்றும் சப்நெட் மாஸ்கை 255.255.255.0 என்றும் கையால் போட்டு, பிரவுசரில் நாஸின் பழைய முகவரியைத் திறந்து, 'தானாக முகவரி பெறு' என்று மாற்றிவிட்டு வெளியே வரலாம். அப்புறம் லேப்டாப்பின் செட்டிங்கையும் பழையபடி தானியங்கிக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

நாஸில் இரண்டு லேன் போர்ட் இருந்தால் மேக் முகவரியும் இரண்டு. ஒன்றுக்கு ரிசர்வேஷன் போட்டுவிட்டுக் கேபிளை மற்றதில் செருகினால் வேலை செய்யாது.

4. பிரவுசரில் திறக்கிறதா

அடுத்து என்ன செய்வது என்பதை இந்த ஒரு சோதனைதான் தீர்மானிக்கும். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து நாஸின் முகவரியை அடியுங்கள். சினாலஜி என்றால் முகவரிக்குப் பின்னால் :5000, கியூநாப் என்றால் :8080. நீங்களே மாற்றியிருந்தால் அந்த எண்.

உள்நுழையும் பக்கம் வந்துவிட்டால் பாதை நன்றாக இருக்கிறது. கேபிள், ரவுட்டர், முகவரி எதிலும் குறையில்லை, நேராக 6-க்குப் போங்கள். வரவில்லையென்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நாஸின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 'ரிப்ளை ஃப்ரம்' என்று வரி வந்தாலே நாஸ் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்துவிடுவோம். வரியை முழுதாகப் படியுங்கள். அதில் இருப்பது உங்கள் லேப்டாப்பின் முகவரியாகவும், கடைசியில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றும் இருந்தால், பேசியது உங்கள் லேப்டாப்தான். நாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதுவே சொல்லிக்கொள்கிறது.

ஆபீஸ் லேப்டாப் என்றால் விபிஎன்னை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பல ஆபீஸ் விபிஎன்கள் வீட்டு நெட்வொர்க்கையே மறைத்துவிடும்.

5. வீட்டில் இரண்டு ரவுட்டரா

ஃபைபர்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, வைஃபை மாடி வரை வரவில்லை என்று நாம் வாங்கிப் போட்டது ஒன்று. இரண்டும் ரவுட்டராகவே ஓடினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் இருக்கும். நாஸ் உள் ரவுட்டரில் செருகியிருந்து, போன் ஃபைபர் பெட்டியின் வைஃபையில் இருந்தால் போனால் நாஸைப் பார்க்கவே முடியாது. 'கீழே வேலை செய்கிறது, மாடியில் வரவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட் மோடு'க்கு (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றினால் முடிந்தது, ஒரு பைசா செலவில்லை.

அதேபோல 'கெஸ்ட் வைஃபை'யில் இருந்துகொண்டு நாஸைத் தேடாதீர்கள். வீட்டுச் சாதனங்களைப் பார்க்க விடாமல் தடுப்பதுதான் அதன் வேலையே. சாதாரண வைஃபையிலும் 'ஏபி ஐசொலேஷன்' என்று ஒரு டிக் இருக்கும், அதுவும் இதே தடுப்புதான், ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள்.

6. பிரவுசரில் வருகிறது, விண்டோஸ் ஃபோல்டர் மட்டும் வரவில்லை

முதலில் 'நெட்வொர்க்' பகுதியில் நாஸின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதை விடுங்கள். அங்கே தெரியாவிட்டாலும் பெட்டி நன்றாக வேலை செய்யலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.9 என்று நேராக அடியுங்கள், உங்கள் ஐபியைப் போட்டு. திறந்துவிட்டால் பெயர் மட்டும்தான் பிரச்சினை. ஐபியை வைத்தே டிரைவாக மேப் செய்துகொண்டு வேலையைப் பாருங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? வைஃபை செட்டிங்கில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். வைஃபை பெயரை மாற்றினாலோ புது ரவுட்டர் போட்டாலோ விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக்கில் போட்டுவிடும்.

விண்டோஸ் 11 தானாக அப்டேட் ஆன மறுநாள் தொடங்கிய பிரச்சினை என்றால் கவனமாகப் படியுங்கள். 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில் இரண்டு மாற்றம் வந்தது. பாஸ்வேர்ட் இல்லாமல் 'கெஸ்ட்' ஆக நுழைவது நிறுத்தப்பட்டது, எஸ்எம்பி இணைப்பில் டிஜிட்டல் கையொப்பம் ('சைனிங்') கட்டாயம் ஆனது. வருஷக்கணக்கில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த ஃபோல்டர்கள் ஒரே இரவில் வராமல் போனதற்கு இதுதான் காரணம். விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும், வேண்டாம். நாஸில் உங்களுக்கென்று ஒரு யூசர், நல்ல பாஸ்வேர்ட் உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுங்கள், நாஸின் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள், எஸ்எம்பி செட்டிங்கில் 'சர்வர் சைனிங்' அணைத்திருந்தால் ஆன் செய்யுங்கள்.

எஸ்எம்பி 1 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷம் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் அது இயல்பாக இருப்பதில்லை. உங்கள் பெட்டி எஸ்எம்பி 1 மட்டுமே பேசும் அளவுக்குப் பழசு என்றால், உள்ளே இருப்பதை அதன் பிரவுசர் பக்கம் வழியாகவோ எஃப்டிபி வழியாகவோ வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

7. பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை

விண்டோஸ் கேட்கும் பெட்டியில் விண்டோஸின் பின் நம்பரை அடிப்பவர்கள் அதிகம். அங்கே வேண்டியது நாஸில் உருவாக்கிய யூசரும் அதன் பாஸ்வேர்டும். உங்கள் மெயில் முகவரி ஏற்கெனவே நிரம்பி நின்றால் 'மோர் சாய்சஸ்' அழுத்தி வேறு கணக்கு என்று தேர்ந்தெடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகு வரவில்லையென்றால், கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' போய் நாஸின் பெயரிலும் ஐபியிலும் இருக்கும் பழைய பதிவுகளை நீக்கி, ஒருமுறை சைன் அவுட் ஆகி வாருங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால், ஒரே நாஸுக்கு இரண்டு வெவ்வேறு யூசர் பெயரில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிறீர்கள், விண்டோஸ் அதை அனுமதிக்காது.

அடுத்தது, யாருக்கும் எளிதில் தோன்றாதது. தவறான பாஸ்வேர்ட் பலமுறை வந்தால் அந்த ஐபியையே தடுத்துவைக்கும் வசதி சினாலஜியில் இருக்கிறது, 'ஆட்டோ பிளாக்' என்று பெயர். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினீர்கள், ஆனால் லேப்டாப்பில் போட்டோ பேக்கப் ஆப் பழைய பாஸ்வேர்டையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த லேப்டாப்பே தடைப் பட்டியலில் போய்விடும். அப்புறம் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் விடாது. வீட்டில் இன்னொருவர் போனில் நுழைந்து கண்ட்ரோல் பேனலின் செக்யூரிட்டி பகுதியில் தடைப் பட்டியலைத் திறந்து, உங்கள் முகவரியை நீக்குங்கள். பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆப்பையும் தேடிச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் மறுபடியும் இதே கதைதான்.

போனில் வரும் ஆறிலக்கக் குறியீட்டை நாஸ் ஏற்க மறுத்தால் நாஸின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதா பாருங்கள். டிஸ்க் முழுதாக நிரம்பி வழிந்தாலும் சில பெட்டிகளில் உள்நுழைவே தடுமாறும்.

8. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர், போன்

மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' எடுத்து, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், பிறகு ://, பிறகு ஐபி. மேக்ஓஎஸ் 15-லிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஒவ்வொரு ஆப்புக்கும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி தனியாகக் கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' அழுத்தியிருந்தால் அந்த ஆப்புக்கு மட்டும் நாஸ் தெரியாது. பிரைவசி செட்டிங்கில் போய் ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் விஎல்சி போட்டு ஐபி வழியாகத் திறக்கிறதா என்று சோதிப்பது சுலபம்.

9. வருகிறது, ஆனால் ஊர்கிறது

பெரிய வீடியோ ஒன்றைக் கேபிள் வழியாகக் காப்பி செய்து வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 11 அல்லது 12 எம்பியில் அசையாமல் நின்றால் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. கிகாபிட் என்றால் 100 எம்பிக்கு மேல் வர வேண்டும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். அதனால்தான் ஒரு கம்பி விட்டுப்போன கேபிள் நின்றுபோகாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது. மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டே 100 மெகாபிட்தான். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று சுமார் 1000 முதல் 1500 ரூபாய், சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

முதல் முறை திறக்கும்போது மட்டும் அரை நிமிஷம் காக்க வைத்து, பிறகு நன்றாக ஓடினால் அது கோளாறில்லை. தூங்கிக்கொண்டிருந்த டிஸ்க் எழுந்து சுழல அவ்வளவு நேரம் ஆகிறது.

10. வீட்டில் வருகிறது, வெளியூரில் வரவில்லை

ரவுட்டருக்குள் 'வான்' முகவரியை (ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி) பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது, நெட் கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நாஸுக்குத் திருப்பிவிடுவது) என்று எத்தனை மணி நேரம் மல்லுக்கட்டினாலும் வராது. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது முகவரி) கேட்டு வாங்கலாம். ஆனால் மாதக் கட்டணம், ஜிஎஸ்டி, வீட்டுத் திட்டத்துக்குத் தருவார்களா, எத்தனை நாளில் என்று நான்கையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பொது முகவரி இருந்தாலும் நாஸை நேராக இணையத்தில் திறந்துவிட வேண்டாம் என்பேன். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் தாக்கியது இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத்தான், கோப்புகளைப் பூட்டிப் பிட்காயின் கேட்டது. டெய்ல்ஸ்கேல் (உங்கள் சாதனங்களை மட்டும் தனிப்பட்ட பாதையில் இணைக்கும் ஆப்) போன்ற ஒன்றை நாஸிலும் போனிலும் போட்டால் ஸ்டாட்டிக் ஐபியும் வேண்டாம், போர்ட்டும் திறக்க வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு இலவசத் திட்டமே போதும், போட்டு முடிக்க அரை மணி நேரம்.

11. ரீசெட், சர்வீஸ், செலவு

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை, அட்மின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டது என்றால் மட்டும் நாஸின் ரீசெட் பட்டன். சினாலஜியில் நான்கு நொடி அழுத்தி, ஒரு பீப் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போகும், கோப்புகள் அப்படியே இருக்கும். பீப் வந்த பிறகு மறுபடியும் அழுத்தி மூன்று பீப் வாங்கிவிட்டால் அது மென்பொருளையே திரும்ப நிறுவும் வழி, அதற்குள் போக வேண்டாம். மற்றக் கம்பெனிகளின் பெட்டிகளில் நொடிக்கணக்கு வேறுபடும், கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கடைக்காரரோ டெக்னீஷியனோ டிஸ்க்குகளைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் விடாதீர்கள். விண்டோஸால் அந்த டிஸ்க்கைப் படிக்க முடியாது, 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்கும், யாராவது ஆம் என்று அழுத்திவிட்டால் போயிற்று. கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் எது 1, எது 2 என்று டேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

டிஸ்க்கே போய்விட்டது என்று தெரிந்தால் அதன் சீரியல் நம்பரை, டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா பாருங்கள். ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் வகைகளுக்கு மூன்று வருஷம், அவற்றின் ப்ரோ வகைகளுக்கு ஐந்து வருஷம். மாற்று டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த கோப்புகளுக்கு அவர்கள் பொறுப்பில்லை. புது டிஸ்க் போட்ட பிறகு ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) மறுபடி கட்டப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் நாஸ் அணைந்து ஏறும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று சுமார் 3000 ரூபாயிலிருந்து கிடைக்கும், யுஎஸ்பி போர்ட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். நாஸுடன் அந்தக் கேபிளையும் இணைத்தால் பேட்டரி தீரும் முன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் செருகுங்கள், கரண்ட் போய் வரும்போதெல்லாம் முகவரி மாறும் தொல்லையும் குறையும்.